மேல் வீட்டில் கேளுங்கள்

ஆவடியில் நாங்கள் இருக்கும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஊர் ஒட்டாது. எங்கள் படிக்கட்டிலேயே நான்கு வீட்டுக்கு நான்கு மாவட்டம். அதனால் யார் வீட்டுப் பெண்ணைப் பற்றியாவது விசாரிக்க வேண்டுமென்றால், மாப்பிள்ளை வீட்டார் சொந்தபந்தத்தைத் தேடிப் போக முடியாது. மேல் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி மடிப்புக் கலையாத இரண்டு பேர் வந்து நின்று, "இங்க வீடு ஏதாச்சும் வாடகைக்கு வருதாங்க?" என்று கேட்பார்கள். குவார்ட்டர்ஸை வாடகைக்கு விட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். "உள்ள வாங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்போம். பேச்சு எங்கெங்கோ போய்க் கீழ் வீட்டுக்கு வரும். பேசி முடித்து நாம் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனால் திருப்தி. தண்ணீரோடு எழுந்தால் இல்லை. கல்யாணமாகி இந்த ப்ளாக்குக்கு வந்ததிலிருந்து நான் பல பெண்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கீழ் வீட்டுப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தபோதுதான் முதல்முறையாகப் பயந்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அந்த வருடம்தான் நான் தொலைதூரக் கல்வியில் சேர்ந்திருந்தேன். பாலினம், பாலியல்பு, சமூகநீதிக் கொள்கை. ஐம்பதை நெருங்கும் வயதில், மகன் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு, கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தவள் ஒரு ஒழுங்காக வாசிக்கலாமே என்று சேர்ந்தது. என் கணவர் ஃபேக்டரியில் யார் கேட்டாலும் "சோஷியல் பாலிசி" என்று மட்டும் சொல்வார். முதல் இரண்டு சொல்லையும் அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் அன்றைக்கு நடந்ததை எழுதி வைப்பேன். மழை, பால் வராதது, யார் வீட்டில் விசேஷம். கட்டுக் கட்டாக அலமாரியில் இருக்கிறது. யாராவது எந்த வருடம் வெள்ளம் படி ஏறியது என்று சண்டை போட்டால் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் இங்கே எழுதுகிற வாரங்களுக்கான தாள்களில் மழையும் காய்கறியும் மட்டும்தான் இருக்கின்றன. வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். அவளைப் பற்றி விசாரிக்க வந்த ஞாயிறு ஐப்பசிக் கடைசியா, கார்த்திகை முதலா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதிலிருந்தே நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று புரியும்.

கீழ் வீட்டுப் பெண் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. என் கட்டுரைகளைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றித் தருவது அவள்தான். நான் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை மறப்பதும் அவள் ஒவ்வொரு முறையும் சிரிப்பதும் வழக்கம். ஒரு சனிக்கிழமை என் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, இதுல நாங்கல்லாம் எந்தப் பாடத்துல வர்றோம்?"

பெண்கள் என்ற பொருளில் கேட்கிறாள் என்று நினைத்து, "எல்லாப் பாடத்துலயும்தான்" என்றேன்.

அவள் புத்தகத்தைத் திருப்பி ஒரு தலைப்பின் மேல் விரலை வைத்தாள். தன்பால் ஈர்ப்பும் குடும்பமும். விரலை எடுக்கவே இல்லை. நான் படித்துக் கோடு போட்டு வைத்திருந்த பக்கம் அது. அந்தப் பக்கத்தைப் பற்றி நேர்முக வகுப்பில் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பு, படிக்கட்டுக் கதவைச் சாத்தினேனா என்பதுதான்.

அவளோடு வேலை செய்யும் ஒரு பெண். கண்ணாடி போட்டவள், அம்பத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். இரண்டு பேரும் கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றல் கேட்டிருக்கிறார்கள். தை பிறந்து வந்துவிடும். அதுவரை வீட்டில் கல்யாணம் எதுவும் முடிவாகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"வீட்டுல சொல்ல முடியாதா?" என்று கேட்டேன். கேட்டதுமே வெட்கமாகிவிட்டது. எதிர் ப்ளாக்கில் ஒரு பெண்ணை, காதல் என்று தெரிந்ததும், ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். பெற்றவர்கள் திரும்பி வந்தார்கள், அவள் வரவில்லை. கல்யாணம் முடிந்ததாகச் சொல்லி ஸ்வீட் கொடுத்தார்கள். நாங்களும் வாங்கித் தின்றோம். அது ஒரு பையனைக் காதலித்ததற்கு.

அவள் அப்பா, கீழ் வீட்டு அண்ணாச்சி, கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மோட்டார் ரிப்பேர் என்றால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஏறி வருவார். பல வருடம் மெஷின் சத்தத்தில் நின்று காது கொஞ்சம் மந்தம். அவர்கள் வீட்டு டிவி ஊருக்கே கேட்கும். அவர் எதையாவது உன்னிப்பாகக் கேட்க நினைத்தால் மட்டும் சத்தத்தைக் குறைப்பார். டிவி அடங்கினால் அண்ணாச்சி காது திறந்திருக்கிறது என்று எங்கள் படிக்கட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கரையான்சாவடியிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. அடுத்து விசாரணை. அன்றைக்கு மாலையே அவள் மேலே வந்தாள்.

"ஆன்ட்டி, என்னைப் பத்தி கொஞ்சம் கெட்டதா சொல்லுங்க. ரொம்ப வேணாம்."

"கொஞ்சம்னா?"

"கல்யாணம் நிக்கணும், அப்பாவுக்குக் கோவம் வரக்கூடாது. அந்த அளவுக்கு."

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். சமைக்கத் தெரியாது என்றால் இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. கோபக்காரி என்றால் "எங்க வீட்டுலயும் எல்லாரும் அப்படித்தான்" என்பார்கள். வீசிங் என்று சொல்லலாமா என்றாள். ஒரு பொய் வியாதி ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் போகாது, வேண்டாம் என்றேன். பையன் என்ற சொல்லே கூடாது. கடைசியில் நானே கண்டுபிடித்தேன்: "தனிக்குடித்தனம்தான் போவேன்னு சொல்லுவா." மாமியாரை மதிக்காதவள் என்று மாப்பிள்ளை வீடு பின்வாங்கும், பெண்ணின் பேருக்கும் கறை இல்லை. அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "இதுக்குத்தான் ஆன்ட்டி படிச்சவங்க வேணும்ங்கறது."

அந்தப் பருவத்துக்கு எனக்குக் கொடுத்திருந்த கட்டுரை, அரசின் தங்குமிடத் திட்டம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் விடுபட்டவர்கள் யார் என்று ஆராய்வது. பிறந்த வீட்டிலிருந்து தப்பித்து வருகிறவர்களைப் பற்றி எழுதினேன். பதினெட்டு வயது நிறைந்தவர் தன் விருப்பப்படி வாழலாம். காவல் நிலையம் அவரைக் குடும்பத்திடம் வற்புறுத்தி ஒப்படைக்கக் கூடாது. பாதுகாப்பான இடம் வேண்டும். எல்லாம் சரியான வாக்கியங்கள். எழுதும்போதே கீழே டிவி ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட அந்தப் படிக்கட்டில் இறக்கி வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஞாயிறு காலை. விடாத தூறல். மாப்பிள்ளையின் அத்தையும் அத்தையின் கணவரும் வந்தார்கள். அவர் பேசவே இல்லை, குடையை எங்கே வைப்பது என்பதே அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. பேசியதெல்லாம் அந்த அம்மாள்தான். வீடு வாடகை, மழை, தண்ணீர் வசதி எல்லாம் முடிந்து கீழ் வீட்டுக்கு வந்தார்.

நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "தங்கமான பொண்ணுதாங்க. ஆனா கல்யாணம் ஆனா தனியாத்தான் இருப்பேன்னு சொல்லிட்டு இருக்கும்."

அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! எங்க அண்ணன் வீட்டுல ரெண்டு ரூம்தான்மா. மூத்தவன் குடும்பமே அதுல அடங்கல. இவனைத் தனியா வைக்கத்தான் திருமுல்லைவாயில்ல ஃபிளாட் பாத்துக்கிட்டு இருக்கோம். வர்றவ ஒத்துக்கணுமேன்னுதான் கவலை."

கீழே டிவி சத்தம் குறைந்துவிட்டிருந்தது.

"வேலைக்குப் போறதுல ரொம்பப் பிடிப்போ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். பிறகு புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டே, சாதாரணமாக: "வழியில சேக்காடு மார்க்கெட்டுல கேட்டோம். எப்பவும் ஒரு கண்ணாடி போட்ட பொண்ணோடதான் வருமாமே. யாரும்மா அது?"

கூட வேலை செய்யும் பெண். இந்த நான்கு சொல் போதும். உண்மையும் அதுதான். என் வாயில் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அந்த அம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஃப்ரெண்டு" என்றேன் கடைசியில்.

"சரிம்மா. மழை வலுக்கிறதுக்குள்ள கிளம்புறோம்."

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. காபி வேண்டாம் என்றார்கள்.

மறுநாள் மார்க்கெட்டில் காய்கறிக்காரப் பெண் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "இன்னாக்கா, கீழூட்டுப் பொண்ணுக்கு மாப்ள பாக்குறாங்களாமே? என்னாண்ட வந்து கேக்குறாங்க. கத்திரிக்கா சொத்தையான்னு கேட்டா சொல்லுவேன், பொண்ணு எப்டினு கேட்டா நான் இன்னாத்த சொல்றது? சோக்கான பொண்ணு, கூட்டாளிப் பொண்ணோட வந்துகினு போயிகினு கீதுன்னேன். நல்லதாத்தானே சொன்னேன்?"

"நல்லதாத்தான் சொன்னே" என்றேன். வாங்கியதை அங்கேயே வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு கீழ் வீட்டில் நடந்தது எனக்குக் காதால்தான் தெரியும். மாப்பிள்ளை வீடு ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டது. பெண்ணுக்குக் காய்ச்சல், ஆபீஸ் போகவில்லை என்றார்கள். என் போனுக்கு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. நான் அனுப்பினால் யார் கையில் போய் விழுமோ என்று நானும் அனுப்பவில்லை. டிவி ஓடவே இல்லை. அந்த வீட்டிலிருந்து வந்த ஒரே சத்தம் பீரோ கதவு திறந்து மூடுவது.

அவள் சான்றிதழ்கள் எல்லாம் அந்த பீரோவில்தான் என்று சொல்லியிருந்தாள். திறப்பது அவளா, பூட்டி வைக்கும் அண்ணாச்சியா என்று தெரியவில்லை.

புதன்கிழமை ஃபேக்டரி சங்கு ஊதி என் கணவர் வந்தார். செருப்பைக் கழற்றாமலே சொன்னார். "அண்ணாச்சி லீவு எழுதிக் குடுத்திருக்கார். ஒரு வாரம். குடும்பத்தோட ஊருக்குப் போறாராம்."

எதிர் ப்ளாக்கின் கார் என் கண் முன்னால் வந்து நின்றது.

"நீ எதுலயும் தலையிடாதே" என்றார். "ஒரே படிக்கட்டு. நாளைக்கு அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவரிடமும் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அவருக்கும் பயம்.

மேசையில் என் கட்டுரை இருந்தது. அதில் எழுதிய உதவி எண்ணை ஒரு சீட்டில் எழுதினேன். எழுதிவிட்டு, அந்தச் சீட்டை எப்படிக் கீழே சேர்ப்பது என்று நின்றேன். பாத்திரத்தில் குழம்பு ஊற்றி, அதன் அடியில்? அவள் அம்மா வாங்கினால்? கிழித்துப் போட்டேன். அப்போது படிக்கட்டில் அண்ணாச்சியின் காலடி கேட்டது. கனமாக, ஒவ்வொரு படியிலும் நின்று வந்தார்.

என் கணவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அண்ணாச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஷேவ் பண்ணாத முகம். "தங்கச்சி, நான் நேரா கேக்குதேன். அவங்க உங்ககிட்டதானே வந்தாவ?"

"ஆமா அண்ணாச்சி."

"கண்ணாடி போட்ட பிள்ளையைப் பத்திக் கேட்டதும் நீங்க பேயறைஞ்ச மாதிரி நின்னியளாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு அண்ணன் இருப்பான், அவன்கூடத்தான் என் மவ பழகுதா, அதை மறைக்கத்தான் அந்தப் பிள்ளை கூடவே வருதுன்னு அவங்க தரகர்கிட்ட சொல்லிவிட்டாவ. அவகிட்ட கேட்டா அழுதாளே ஒழிய வாயத் திறக்கல. நீங்க சொல்லுங்க. யாரு அவன்?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகுதான் உறைத்தது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு அண்ணனை உண்டாக்கியிருந்தார்கள். இரண்டு பெண்கள் எப்போதும் சேர்ந்து வந்தால் பின்னால் ஒரு ஆண் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் எண்ணம் அதைத் தாண்டிப் போகவில்லை. அந்த இல்லாத அண்ணனுக்காகத்தான் ஊருக்கு டிக்கெட்.

"அந்தப் பொண்ணுக்கு அண்ணனே கிடையாது அண்ணாச்சி. கூடப் பிறந்தது ஒரு தங்கச்சி மட்டும்தான்."

"வேற எவனாச்சும்?"

"எவனும் இல்லை."

"உங்க பையன் மேல ஆணையா?"

நான் சத்தியத்தை நம்புகிறவள் இல்லை. அதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்திருக்கிறேன். இருந்தாலும் மகனை இழுத்ததும், சொல்லப்போவதை ஒருமுறை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டேன். "ஆணையா எவனும் இல்லை" என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் போன பிறகு மகனுக்கு போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது, எங்கே இருக்கிறாய் என்று அதட்டினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் அண்ணாச்சி உடனே போய்விடவில்லை. "பின்னே ஏன் வாயடைச்சு நின்னீய?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அந்த அம்மாள் கேட்டதில் ஒன்றுதான் கைக்கு அகப்பட்டது.

"வேலையில ரொம்பப் பிடிப்பான்னு கேட்டாங்க. கல்யாணம் ஆனதும் விடச் சொல்லுவாங்களோன்னு எனக்குத் தோணிச்சு. அதான் அவங்ககிட்ட மேல பேசவே பிடிக்கல."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "விடச் சொல்லுவாவளா? என் மவளையா? அவ கேம்பஸ்ல முதல்ல செலக்ட் ஆனவ, தெரியுமா?" குரல் உடைந்தது. "நான் ஓவர்டைம் பாத்துப் படிக்க வச்சேன் தங்கச்சி."

"தெரியும் அண்ணாச்சி."

அவர் அழுவதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரை எனக்குப் பிடிக்கும். பிடித்த ஒரு மனிதரைக் கண்டு அப்படி நடுங்கியது அதற்கு முன் இல்லை.

எழுதிக் கொடுத்த லீவில் அடுத்த நாள் அவர் ஊருக்குப் போகவில்லை, அம்பத்தூர் ஹாஸ்டலுக்குப் போனார். வார்டனிடம் அந்தப் பெண்ணின் குடும்பத்தை விசாரித்தார். தங்கை மட்டும்தான். திரும்பி வந்தவர் படிக்கட்டில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மாலையில் டிவி பழைய சத்தத்தில் ஓடியது. அண்ணாச்சி காது மூடிக்கொண்டது என்று நான் வாரத்தில் முதல்முறையாகப் படுத்துத் தூங்கினேன்.

அதற்குப் பிந்தைய ஞாயிறு அந்தக் கண்ணாடிப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டார். தன்னால் ஒரு பிள்ளை மேல் அபாண்டம் விழுந்துவிட்டது என்று அவருக்கு மனது கேட்கவில்லை. மீன் குழம்பு வாசம் மேலே வரை வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் தட்டை விட்டுக் கண்ணையே எடுக்கவில்லை. அவர் இன்னொரு துண்டு மீனை அவள் தட்டில் வைத்து, "கூச்சப்படாம சாப்பிடு தாயி, இது உன் வீடு" என்றார். கீழ் வீட்டுப் பெண் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று.

தையில் மாற்றல் வந்தது. அண்ணாச்சி என்னிடம்தான் கேட்டார். "அனுப்பலாமா தங்கச்சி? நீங்க சொன்னா சரி." அனுப்புங்கள் என்றேன். துணைக்கு அந்தப் பிள்ளையும் வருகிறது என்பதில்தான் அவருக்கு நிம்மதி. ஸ்டேஷனில் இரண்டு பேரிடமும், "ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிடுங்க" என்று சொன்னார். வண்டி நகர்ந்ததும் என்னிடம் திரும்பி, "உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார். நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கட்டுரை திரும்பி வந்தது. நல்ல மதிப்பெண். தங்குமிடம் வருவதற்கு முன்னால் அந்த நபர் யாரிடம் போவார் என்று ஆசிரியை ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். பதில் எழுதக் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

அவள் இப்போது அங்கே இருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள், அண்ணாச்சிதான் போய் அட்வான்ஸ் கொடுத்து வந்தார். என்றைக்காவது அவருக்குத் தெரியவரும். அன்றைக்கு அவர் முதலில் ஏறி வரப்போவது என் படிக்கட்டில்தான். இதை எழுதும்போதும் ஊர்களையும் வேறு சிலவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவர் பேச்சை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

வரன்கள் நிற்கவில்லை. நல்ல பெண், நல்ல வேலை. போன ஞாயிறும் இரண்டு பேர் வந்தார்கள். இவர்கள் வாடகைக்கு வீடு கேட்கவில்லை. கீழேயே அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். அவர் வாசலில் நின்று சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது.

"மேல் வீட்டுல கேளுங்க. அவங்க உள்ளதை உள்ளபடி சொல்லுவாவ."

கதவைத் திறந்தேன். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். கீழே டிவி சத்தம் குறைந்தது.